பதினோரு மணிக் கஞ்சி

புனலை வசந்தாமணி இன்னும் தூக்கவே இல்லை. அதற்குள் பதினோரு மணிக் கஞ்சி இறங்கிவிட்டது.

குழாயில் செருகிய புனலைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே, தன் முழங்கால் உயரத்தில்தான் பிடித்திருந்தாள். உயரத் தூக்கினால்தான் இறங்கும், தாழ்த்தினால் உள்ளே போனதும் திரும்பி வந்துவிடும் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெபமலர் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஏழு மாதமாக, நாளுக்கு ஐந்து வேளையும் அது அப்படித்தான் நடந்தது. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பதைக் கிணற்றை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கு ஏறியது. அவள் காலிப் புனலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கழுவி வைக்க எழுந்துபோனாள். பயப்படக்கூட அவளுக்குத் தெம்பு மிச்சமில்லை என்பதுதான் உண்மை.

கட்டிலில் கிடந்தவன் அவள் புருஷன் கந்தப்பன். எருமப்பட்டிக்கு வடக்கே நாலு ஏக்கர் கடலைக் காடு. போன ஆவணியில் எருதுகளைப் பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது வடக்கயிறு அறுந்து, கிணற்று மேட்டுக் கல்லில் தலை மோதியது. அதோடு சரி. கண் திறந்திருக்கும், பார்க்காது. வாயில் எதை வைத்தாலும் விழுங்கத் தெரியாது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு சிவப்பு ரப்பர் குழாயைப் போட்டு, ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, இனி எங்களால் ஆவதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

ராகிக் கஞ்சியை வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். ஊற்றுவதற்கு முன்னால் குழாயின் நுனியைத் தண்ணீர் டம்ளரில் முக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் குழாய் மூச்சு வழியில் இருக்கிறது, ஊற்றக்கூடாது. எல்லாம் கற்றுக்கொடுத்தவளிடம் வசந்தாமணி ஒன்றுதான் கேட்டாள்.

“எத்தன நாளைக்குங்க ஊத்தோணும்?”

ஜெபமலர் நிமிரவில்லை. “ஊத்தற வரைக்கும் இருப்பாருங்க அக்கா.”

பங்குனியில் மாமியார் வள்ளியாத்தாள்தான் பேச்சை எடுத்தாள். “எம்மவன் இப்பிடிக் கெடக்க வேண்டாம் அம்மணி. பாலூத்தி அனுப்பிச்சு உட்றலாம்.”

உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்குச் சொந்தபந்தம் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினால் நிம்மதியாகப் போய்ச்சேருவார் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். குமாரபாளையத்திலிருந்தும் ஆட்டையாம்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முதல் நாலு பேர் ஊற்றிய பால் கடைவாய் வழியாகத் தலையணைக்குப் போயிற்று. கந்தப்பனின் அண்ணன் சின்னண்ணனுக்கு எதிலும் அவசரம். “வாயி வாங்க மாட்டீங்குது. கொழாயிலயே ஊத்துங்க” என்றான்.

ஊற்றினார்கள். நாற்பது பேர். அழுதுகொண்டே, ஆளுக்கொரு கரண்டி. அது சாவுப் பால் என்பது அவர்களுக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியுமா? நாற்பது கரண்டிப் பாலும் நல்ல சாப்பாடாக உள்ளே இறங்கியது. சாயங்காலம் கந்தப்பனின் முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்துதான் அவன் தேறினான். கண் மட்டும் அதே கண். கன்னம் உப்பியது, வாரம் இரண்டு முறை நகம் வெட்ட வேண்டியிருந்தது. வசந்தாமணியின் வளையல்தான் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

இன்றைக்குக் கஞ்சியும் தானாக ஏறியாயிற்று. புனலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் மாமியாரிடம் போனாள்.

“இனி ஊத்தலீங்க அத்தை.”

வள்ளியாத்தாள் கடலைத் தொலியை முறத்தில் வெகுநேரம் புடைத்தாள். “செரி சாமி” என்றாள்.

குழாயின் நுனியை மடக்கி நூலால் இறுக்கிக் கட்டினாள் வசந்தாமணி. இது கொலைதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தோள்பட்டை வலி குறைந்தது, அவ்வளவுதான்.

கஞ்சி இல்லாத முதல் நாள் பதினோரு மணிக்கு, சித்திரை வெயிலில் ஓடு சடசடக்க, கடலை மூட்டைகளின் எண்ணெய் வாசனையும் பழைய ரப்பர் வாசனையும் கலந்து புழுங்கிய அந்த அறைக்குள்ளிருந்து, எட்டு மாதமாக யாரும் கேட்காத ஒரு சத்தம் வந்தது. விழுங்குகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தாள். அவன் தொண்டை அசையவில்லை. நூல் போட்ட கட்டு அப்படியே இருந்தது.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு நூல் தரையில் கிடந்தது. குழாயின் நுனி கட்டிலோரத்துச் செம்புக்குள் இருந்தது. காலையில் அவள் நிறைத்து வைத்த செம்பு. இப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை.

“நீங்க அவுத்தீங்களா அத்தை?”

“நா அந்தப் பக்கமே போகல.”

மூன்றாம் நாள் காலை அவன் கால் சில்லிட்டிருந்தது. வள்ளியாத்தாள் பஞ்சைப் பிய்த்து மகனின் மூக்கருகே வைத்துக் காத்திருந்தாள். பஞ்சு அசையவில்லை. மகனின் கண்ணை மூடிவிட்டாள்.

“போயிட்டான் அம்மணி. சனம் வர்றதுக்குள்ள அந்தக் கொழாயை எடுத்துப் போடு.” சின்னண்ணனுக்கு ஆள் அனுப்ப வெளியே போனாள்.

வசந்தாமணி கட்டிலில் உட்கார்ந்தவள் எழவேயில்லை. தலைக்கு மேலிருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. கூடத்தில் கடிகாரம் அடித்தது. பதினொன்று. குழாயைக் கையில் எடுத்தாள். கை, பழக்கத்தில், அதன் நுனியைத் தண்ணீர் டம்ளரில் முக்கியது.

குமிழி வரவில்லை. மூச்சு இல்லை.

தண்ணீர் இறங்கியது.

அரை டம்ளர். கால் டம்ளர். அடி தெரிந்தது.

நுனியை வெளியே எடுத்தாள். அவன் மூக்கருகே கிடந்த பஞ்சைப் பார்த்தாள். அசையவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். மூடிய கண். மூடிய வாய். நெற்றி கல்லாகக் குளிர்ந்திருந்தது.

குழாயின் வாயை ஆள்காட்டி விரலால் அடைத்தாள்.

பிறந்த கன்றுக்குப் பால் குடிக்கப் பழக்க விரலை அதன் வாயில் வைப்பார்கள். அவளும் எத்தனையோ கன்றுக்கு வைத்திருக்கிறாள்.

அப்படித்தான் இழுத்தது.

மெதுவாக. விட்டு, மறுபடியும். விரல்நுனி வெளுத்தது. வாசலில் சின்னண்ணனின் வண்டிச் சத்தம், யாரோ பெண்கள் ஒப்பாரியைத் தொடங்குகிற சத்தம். வசந்தாமணி விரலை எடுக்கவில்லை. மறு கையை நீட்டி, கவிழ்த்து வைத்திருந்த புனலை நிமிர்த்தினாள்.