‘கருங்கேணி’யின் நீண்ட இடைவேளை

பேய் கிணற்றிலிருந்து தலையை நீட்டியபோது அரங்கில் ஒருவர் கொட்டாவி விட்டார். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி வழியே அதைப் பார்த்த செண்பகவல்லி உதட்டைக் கடித்தாள். அவள் இயக்கிய ‘கருங்கேணி’யின் இரண்டாம் பாகம் அது. முதல் பாகம் எட்டிய அச்ச அளவை இது தாண்டாவிட்டால், மூன்றாம் பாகத்தை வேறொருவர் இயக்குவார்.

பார்வையாளர் ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் அச்சமானி இருந்தது. நாடித்துடிப்பையும் வியர்வையையும் அளந்து, ஓடும்போதே படத்தை வெட்டி ஒட்டும் தொகுப்பிக்கு அது அனுப்பும். அரங்கம் எதற்கு நடுங்குகிறதோ அதைத் தொகுப்பி நீட்டும், நடுங்காததை வெட்டும். முதல் பாகம் ஓடிய ஊர்களின் பதிவுகள் அனைத்தையும் படித்துத் தேறிய இயந்திரம் அது.

கிணற்றுக் காட்சி பாதியில் அறுந்தது. திரையில் ‘இடைவேளை’ என்று வந்தது. விளக்குகள் எரிந்தன.

“இப்பத்தானே சார் ஆரம்பிச்சோம்! அதுக்குள்ள இடைவேளையா?”

“பொறும்மா, முள்ளப் பாரு,” என்றார் தயாரிப்பாளர் ஜெபமணி.

படம் ஓடும்போது அரங்கத்துக்குள் அலைபேசிகள் முடங்கிக் கிடக்கும். இடைவேளையில்தான் உயிர் பெறும். கீழே எல்லாக் கைகளும் ஒளிர்ந்தன. அலுவலகம், வங்கி, ஸ்கேன் முடிவு, பிள்ளையின் பள்ளி. சுவரிலிருந்த அளவுகாட்டியின் முள் சிவப்புக்குள் ஏறியது.

செண்பகவல்லிக்குப் புரிந்தது. முதல் பாகத்தின்போது இடைவேளையில் அச்சமானியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பப்ஸ் வாங்க வரிசையில் அலைபேசியோடு நின்றவர்களையும் அது அளந்துகொண்டே இருந்திருக்கிறது. பேயைவிட இடைவேளைக்கே ஆட்கள் அதிகம் நடுங்குவதைத் தொகுப்பி அதிலிருந்து கற்றிருக்கிறது.

இடைவேளை நீண்டுகொண்டே போனது.

“ஏய், படத்தப் போடுங்கய்யா!” முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “மேனேஜர் விடாம கூப்பிடுறான். அந்தப் பேயையாவது காட்டுங்க!”

விசில் பறந்தது. கிணறு திரும்ப வந்ததும் அரங்கமே கைதட்டியது. அலைபேசிகள் அணைந்தன. பேய் பல்லைக் காட்ட, ஆட்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். முள் சரிந்தது. தொகுப்பி உடனே வெட்டியது. மீண்டும் இடைவேளை.

“தாண்டிட்டோம்மா! மொத பாகம் எங்கயோ கெடக்கு!” ஜெபமணி மேசையைத் தட்டினார்.

“என் படம் ஓடவே இல்லையே சார்.”

“அதனாலதான் தாண்டுச்சு. மூணாவதும் நீதாம்மா எடுக்கிற. நல்ல இடைவேளையா ஒண்ணு யோசி.”

“அப்ப பேய்?”

“ஜனங்க மூச்சு விட வேணாமா? அதுக்குக் கொஞ்சம் வெச்சுக்க.”