வெள்ளிக்கிழமை வீடு

“தெரியுதா?”

கூரை மேலிருந்து அந்தக் குரல் வந்தபோது சுலோச்சனா படிப்பகத்தின் நடுவில் தனியாக நின்றிருந்தாள். கையில் திருப்பிக் கொடுக்க வந்த இரண்டு வாரப் பத்திரிகைகள். எதிரே, புத்தர் படத்துக்குக் கீழே, மேசை மேல் ஒரு பெரிய மரப்பெட்டி. அதன் கண்ணாடிக்குள் வெள்ளை வெள்ளையாய் என்னவோ பொரிந்துகொண்டிருந்தது...

“யாரும்மா கீழ? தெரியுதான்னு கேக்கறேன் இல்ல?”

பொரிகிற வெள்ளைக்கு நடுவே சட்டென்று ஒரு முகம் வந்து நின்றது. பெரிய கொண்டை போட்ட ஓர் அம்மாள். தெரிகிறது என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. சுலோச்சனாவுக்கு நாக்கு எழவில்லை.

எழாத நாக்கு அது. எட்டாம் வகுப்பில் டீச்சர் அவளை எழுந்து நின்று பாடத்தைப் படிக்கச் சொன்ன நாளில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகு பேச வேண்டியதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தகரப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். ஐந்து வருஷம், பதினொரு நோட்டுகள். அப்பா கோவிந்தன் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் மேல்பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலைக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தாயில்லாப் பெண்ணை எதற்கும் வற்புறுத்த மாட்டார்.

தடதடவென்று மூங்கில் ஏணி அதிர்ந்தது. தூறலில் நனைந்த சட்டையும், கழுத்தில் மாலை போலச் சுற்றிய ஒயருமாய் ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

“நாலு நாளா அந்த ஏரியல திருப்பிகினு கீறேன். தெரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வாயில இன்னா கொழுக்கட்டையா?”

அவள் பெட்டியைக் கை காட்டினாள். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கொண்டையம்மாள் போய்விட்டாள். மறுபடி வெள்ளைப் பொரி. அவன் அவளைப் பார்த்தான்... அவள் நிமிர்ந்தாள்... ஒரே ஒரு நொடி. அவன் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு புருவத்தில் விழுந்து, இமையில் தயங்கி, கன்னத்தில் இறங்கியது. அவன் அதைத் துடைக்கவில்லை. திட்ட வந்தவன் எதற்காக வந்தோம் என்பதையே மறந்தவன் போல நின்றான்.

பத்திரிகைகளை மேசை மேல் போட்டுவிட்டு அவள் ஓடியே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தாள். ‘கேள்வி கேட்கத் தெரிந்த மனிதருக்குப் பதில் வரும்வரை நிற்கத் தெரியவில்லை’ என்று எழுதினாள். கீழே அவன் கண்களைப் பற்றி ஒரு வரி எழுதினாள். உடனே அதை அடித்தாள். போதாதென்று, காகிதம் கிழிகிற மட்டும் அடித்தாள்.

மெட்ராஸில் டெலிவிஷன் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது தங்க வயல் வரைக்கும் எட்டவே எட்டாது என்று எல்லாரும் சொன்னார்கள். எட்டும் என்று சொன்னது அந்த ஒயர்க்காரன் சித்தார்த்தன் ஒருவன்தான். பகலில் மைசூர் மைன்ஸில் எலக்ட்ரீஷியன், மாலையில் ராபர்ட்சன்பேட்டையில் ரேடியோ ரிப்பேர். எங்கிருந்தோ ஒரு பழைய பெட்டியை வாங்கி வந்து, படிப்பகத்தின் மேல் நாற்பது அடி இரும்புக் குழாயை நிறுத்தி, கடைசியில் படத்தைப் பிடித்தேவிட்டான். படத்தை மட்டும். சத்தம் என்று வந்தது கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஓர் இரைச்சல். இவ்வளவு தூரத்துக்கு ஆள் வந்ததே பெரிசு, அவங்க பேசவும் பேசணுமா என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஒரு தொடர் வந்தது. ஒரே வீட்டுக்குள் ஏழு பேர். யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. முறுக்கு மீசைக்காரர் ஒருவர் தூங்கும்போதும் தடியோடு தூங்கினார். கொண்டையம்மாள் எல்லாரையும் கரண்டியால் மிரட்டினாள். மாடியறையில் கண்ணாடி போட்ட ஓர் ஆள். எப்போதும் கையில் டம்ளரோடு நடக்கிற ஒரு மெலிந்த பெண். இன்னும் மூன்று பேர் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். யார் யாருக்கு என்ன உறவு? எதற்குச் சண்டை? தலைப்புகூடப் பொரியில் மறைந்துபோனது. ஆகவே ஜனங்கள் அதற்கு வெள்ளிக்கிழமை வீடு என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வாரம் படிப்பகத்தில் நூறு பேர் உட்கார்ந்து உறவு முறைக்காகச் சண்டை போட்டார்கள். பெண்கள் பக்கம், கடைசியில், சுலோச்சனா தன் ஒரே சிநேகிதி டெய்சியின் காதில் கிசுகிசுத்தாள். தரகன் ஒரே வீட்டை இரண்டு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு ஓடிவிட்டான், யாரும் காலி செய்ய மாட்டேன் என்கிறார்கள், டம்ளர் பெண் அப்பா அம்மா இல்லாதவள், கொண்டையம்மாளின் தங்கச்சி மகள்... டெய்சி சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குப் போனதும் சுலோச்சனா அதையெல்லாம், அடுத்த வாரத்துக்கும் சேர்த்து, நோட்டில் எழுதி வைத்தாள்.

மறுவாரம் சித்தார்த்தன் மைக்கோடு பெட்டி பக்கத்தில் வந்து நின்றான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அட்டையில் மசிக் கறை.

தன்னுடைய நோட்டு!

டெய்சி பக்கத்தில் இல்லை. தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, எடுத்துக் கொடுத்தது நான்தான் என்பதுபோல் கும்பிட்டுக் காட்டினாள். சுலோச்சனா எழுந்து ஓடப் பார்த்தாள். விளக்கை அணைத்தார்கள். அவன் ஒரு சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். கொண்டையம்மாளுக்குக் கீச்சுக் குரல், மீசைக்காரருக்குக் கட்டைக் குரல். பத்துக்குப் பத்து வீட்டில், தட்டிக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் போகிற சுரங்கத் தொழிலாளர் லைனில் வாழ்கிற ஜனங்கள். ஒவ்வொரு சண்டையும் அவர்கள் வீட்டுச் சண்டையாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் அப்பாவின் சிரிப்பையும் அவள் கேட்டாள். அப்பா இப்படிக்கூடச் சிரிப்பாரா?

அப்போது திரையில் மாடிக்காரர் படியிறங்கினார். டம்ளர் பெண்ணுக்காக எழுதி வைத்திருந்ததை சித்தார்த்தன் உற்சாகமாகப் படித்தான். “வாங்க ஒயர் மாலைக்காரரே... கேள்வி கேக்கத் தெரிஞ்ச உங்களுக்கு பதில் வர்ற வரைக்கும் நிக்கத் தெரியல. கூரை மேல நின்னா ஒசந்த மனுசன்னு அர்த்தமா?”

படித்தவன் நின்றான். டார்ச் வெளிச்சம் ஒருமுறை ஆடியது. ஜனங்கள் சிரித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் இருட்டில் பெண்கள் பக்கம் தேடினான்... தேடித் தேடி, கடைசி வரிசையில் வந்து நின்றான்.

மறுநாள் நோட்டைத் திருப்பித் தர ஜன்னலண்டை வந்தான். கேட்காமல் படித்தது தப்பு என்றான். கொழுக்கட்டை என்று சொன்னது அதைவிடத் தப்பு என்றான். அவள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் போகவில்லை.

“இப்ப நிக்கக் கத்துகினேன். பதில் வர்ற வரைக்கும் நிப்பேன்.”

பத்து நிமிஷம் நின்றான். தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவள் வாய் திறந்தாள்.

“யார் எழுதினதுன்னு சொல்லக் கூடாது.”

“அட... குரல் கீது. அதுவும் நல்லா கீது.”

ஜன்னல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கதவுக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்குக் கேட்டிருக்குமோ?

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் நோட்டு ஜன்னல் வழியாகப் போனது, சனிக்கிழமை திரும்பி வந்தது. நாளையப் படம் தெரியாமல் இன்றைக்கே எழுதுவாள். திரையில் கொண்டையம்மாள் துணி துவைக்கும்போது நோட்டில் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள். பரவாயில்லை, அவன் எப்படியோ துணியிலேயே தோசை சுட வைத்துவிடுவான். ஜன்னலில் அவர்கள் பேச்சு மாடிக்காரரையும் டம்ளர் பெண்ணையும் பற்றியே இருந்தது. மாடிக்காரர் இந்த வாரமாவது மனசைச் சொல்லிடட்டுமே என்பான். டம்ளரைக் கீழே வைத்தபிறகு பார்க்கலாம் என்பாள். ஏழு வாரமும் அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

ஏழாவது வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சித்தார்த்தன் ஜன்னலை விட்டு வாசலுக்கே வந்தான். சுத்தமான சட்டை, படிய வாரிய தலை. கோவிந்தன் எதிரில் நின்று, பெண் கேட்டான்.

அத்தை பார்வதம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள். அவர்கள் புத்தரைக் கும்பிடுகிறவர்கள், நாம் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள், குடியாத்தத்திலிருந்து அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள், இது எப்படி ஆகும்? கோவிந்தன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

“சாமிங்க பொறுத்துக்கும், நீ சும்மா இரு. தம்பி, நீ கேக்கற, சரி. எம் பொண்ணு கேட்டாளா? வாய் செத்த பொண்ணு. அவ மனசுல இல்லாதத நான் பண்ண மாட்டேன். அவளே சொல்லட்டும். பாப்பா, சொல்லு.”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் வாய் திறந்தாள். எட்டாம் வகுப்பு... எழுந்து நின்ற பெஞ்சு... சிரிப்பு. உள்ளே ஓடினாள், நோட்டில் ஒரு வரி எழுதிக் கிழித்தாள், ஓடி வந்து சித்தார்த்தனிடம் நீட்டினாள்.

அவன் பார்த்தான். வாங்கவில்லை.

“உங்கப்பாவுக்கு படிக்கத் தெரியாது. நான் படிச்சிக் காட்டினா அது என் வார்த்தைன்னுதான் நெனைப்பாரு. ஆறு வாரம் உங்களுக்காக நான் பேசினேங்க. இத மட்டும் என்னால பேச முடியாது.”

போய்விட்டான். கோபமில்லை, ஆனால் அந்தக் கண்கள்... அவள் அதற்கு முன் அவற்றை அப்படிப் பார்த்ததில்லை.

திங்கள், செவ்வாய், புதன்... தினமும் அப்பாவுக்கு டீ கொண்டுபோய் வைத்தாள். தினமும் எதிரில் நின்றாள். அவர் காத்திருந்தார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டு சங்கு போலத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜன்னலில் யாரும் நிற்கவில்லை. நோட்டு பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது.

ஆனாலும் படிப்பகத்துக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை.

விளக்கு அணைந்தது. எட்டாவது வாரம். பொரி விலகியது... வீடு இல்லை. வயல் ஒன்று தெரிந்தது. சட்டைப்பையில் பேனா சொருகிய அதிகாரி ஒருவர் கையை ஆட்டிப் பேசினார். விவசாயி ஒருவர் தோளில் உர மூட்டையைச் சுமந்து வந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், வயல்தான். மெட்ராஸ்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

வீடு எங்கே, காலி பண்ணிட்டாங்களா என்று ஜனங்கள் கேட்டார்கள். சித்தார்த்தன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே நின்றான். இன்று கையில் நோட்டும் இல்லை, திரையில் வீடும் இல்லை. ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன், பொட்டியோட சேர்ந்து ஆளும் ஊமையாயிட்டான் என்றான். சிரிப்பு எழுந்தது.

அதே சிரிப்பு. எட்டாம் வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு... இப்போது அவன்மேல்!

எப்படி எழுந்தாள், எத்தனை பேரின் காலை மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இருட்டில் பெட்டியண்டை போய் மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினாள். விரல்கள் பட்டன.

“யாரும் காலி பண்ணல.” அவள் குரல் ஹாலை நிறைத்தது. அவளே பயந்துபோனாள். ஆனால் இருட்டில் ஒரு முகமும் தெரியவில்லை. “மாடிக்காரரு பொண்ணு கேட்டு ஆள் அனுப்பியிருக்காரு. அதோ மூட்டையோட வராரே... சீர் மூட்டை.”

ஜனங்கள் கூரை அதிரச் சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு. பேனாக்காரர்தான் தரகர் என்றாள். முதல் தரகன் ஓடினதால் இவருக்கு மரியாதை குறைவு என்றாள். விவசாயி மூட்டையைப் பிரித்து உரத்தை அள்ளிக் காட்டினார். சர்க்கரை என்றாள். அதை அவர் மண்ணில் தூவியபோது, கை நடுக்கத்தில் கொட்டிட்டாரு பாவம், பழக்கமில்லாத சம்பந்தி என்றாள். முன்வரிசைக் கிழவி சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சித்தார்த்தன் மைக்கருகே குனிந்தான். மெல்லக் கேட்டான். “எல்லாம் சரி... டம்ளர் பொண்ணு இன்னா சொல்லுது?”

சிரிப்பு அடங்கியது. நூறு பேரும் ஏழு வாரமாகக் காத்திருந்த பதில் அது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்பா...” என்றாள். “எனக்கு அவர புடிச்சிருக்குப்பா. வேற யாரும் வேணாம்ப்பா.”

முன்வரிசையிலிருந்து சின்னம்மா கேட்டாள்.

“அந்தப் பொண்ணுக்குத்தான் அப்பா கெடையாதே?”

யாரோ விளக்கைப் போட்டார்கள். கையில் மைக்கோடு சுலோச்சனா நின்றிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். நூறு தலைகள் ஒன்றாகத் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தன. அங்கே கோவிந்தன் எழுந்து நின்றிருந்தார்.

அவர் நடந்து வந்தார். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். சித்தார்த்தன் எதிரில் வந்து நின்றார். சுரங்கத்தில் புது மரத்தைப் பாறைக்கு அடியில் நிறுத்துமுன் பார்ப்பாரே, அடியிலிருந்து நுனி வரைக்கும், வளைவு உண்டா, விரிசல் உண்டா என்று... அப்படிப் பார்த்தார். அவன் நகரவில்லை. பிறகு மகளைப் பார்த்தார். ஐந்து வருஷமாய்க் கேட்காத குரலை இப்போதுதான் கேட்டவரின் கண்கள் கலங்கியிருந்தன.

வெளியே மழை பிடித்திருந்தது. கோவிந்தன் தன் கக்கத்திலிருந்த குடையை எடுத்து, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே மேசை விளிம்பில் மாட்டினார். துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டார். தான் மட்டும் மழையில் இறங்கி நடந்தார்.