கோட்டுக் கையில் ஐந்து பச்சை விரல்கள்

"ஐயோ… அம்மா!"

அலறல் அச்சு அசல் தமிழில் வந்ததும் மண்டையோட்டுப் பேய்க்கே தூக்கிவாரிப் போட்டது.

பின்னே? மான்ட்ரியலில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், அன்று மாலை முழுக்க அந்தப் பேய் பிரெஞ்சுக் கூச்சலையும் ஆங்கிலக் கூச்சலையும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கால் இடறிச் சாயப்போனவனின் கோட்டுக் கையை எட்டிப் பிடித்து நிறுத்தியது.

"பயப்படாதீங்க… நான் தமிழ்ப் பேய்தான்."

பேயின் பெயர் கமலினி. பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட மாணவர்கள் நடத்திய பேய் வீட்டுக்கு ஒப்பனை முழுக்க அவள் கைவண்ணம். வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் பச்சையாய்க் கக்கும் ஒரு தூள்… அதை வாசலின் களிம்பில் குழைத்துக் கன்ன எலும்பிலும் தாடையிலும் விரல்களிலும் தீட்டி, கண்ணைச் சுற்றி மட்டும் கரியைப் பூசிவிட்டால் போதும், மகாலட்சுமிகூட மண்டையோடாகிவிடுவாள். ஒரே தொல்லை, அடிக்கடி மூலையில் இருந்த பல்புக்கு முன்னால் முகத்தைக் காட்டிவிட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் பேய் மங்கிப்போகும்.

"யாரு பயந்தா?" அவன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "தரை வழுக்கிச்சு."

"தரை வழுக்கினா அம்மாவைக் கூப்பிடுவீங்களோ?"

"நான் எங்கே கூப்பிட்டேன்? பக்கத்துல யாராவது…"

"பக்கத்துல சவப்பெட்டிதாங்க இருக்கு. அதுக்குள்ள இருக்கறவனுக்குத் தமிழ் தெரியாது."

அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. பெரிய கண்கள்… பயம் இன்னும் முழுசாக இறங்காமல், அதற்குள் சிரிப்பும் ஏறிக்கொண்டு… கமலினிக்கு என்னவோ செய்தது. சே, பேய்க்கு இதெல்லாம் ஆகுமா?

அதற்குள் பின்னால் வந்த கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

முகத்தைக் கழுவிவிட்டு அவள் மெட்ரோ வாசலுக்கு ஓடி வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் கூரையின் கீழே… அதே கண்கள்!

"நீங்க தமிழா?" என்று அவன்தான் ஆரம்பித்தான். முகம் மலர்ந்துபோயிருந்தது. பெயர் சேதுராமன், ஊர் ஈரோடு, எலெக்ட்ரிகல் இன்ஜினியர், வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்தான். தமிழ் பேச ஆளில்லாமல் காய்ந்துபோயிருந்தான் பாவம்.

"இப்பதாங்க ஒரு பேய் வீட்டுக்குப் போயிட்டு வரேன். சுத்தச் சின்னப்பிள்ளை விளையாட்டு! உள்ளே ஒரு தமிழ்ப் பேய் வேற. என்னைப் பாத்ததும் அதுதான் 'ஐயோ அம்மா'ன்னு கத்திச்சு. நான்தான் பயப்படாதேன்னு தைரியம் சொன்னேன்."

கமலினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே!

"பேய்… கத்திச்சா?"

"ஆமாங்க, பாவம்." கையை விரித்துக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தவன், அவள் மழைச்சாரலுக்கு ஒதுங்கி இருட்டுப் பக்கமாகத் தலையைத் திருப்பியதும் ஏனோ பேச்சைச் சட்டென்று நிறுத்தினான். தொண்டையைச் செருமினான். "வந்து… எனக்கு நேரமாச்சு. ஞாயித்துக்கிழமை பேசலாம்… இல்ல, இல்ல, ஞாயித்துக்கிழமை புரொபசர் மணிவாசகம் வீட்டுல சாப்பாடு. அதான்… வரேங்க!"

பெயரைக்கூடக் கேட்காமல் படியில் இறங்கி ஓடினான்.

கமலினி குடையை விரிக்க மறந்து நின்றாள். புரொபசர் மணிவாசகம் அவளுடைய அப்பா!

அப்பாவுக்குக் கணக்கும் முருகனும் இரண்டு கண்கள். "பேய் வேஷமா? அதுவும் என் பொண்ணா? அப்படி ஒரு கூத்து நடந்துச்சுன்னு தெரிஞ்சா, ஆராய்ச்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்… மூட்டையைக் கட்டு, திருச்சிக்கு!" என்று போன மாதமே தீர்ப்புச் சொல்லியிருந்தார். லேப்பில் வேலை என்று புளுகிவிட்டுத்தான் அவள் வந்ததே. இவன் வந்து தமிழ்ப் பேயைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் அளந்தால்? அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தமிழ்ப் பெண் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எலும்பை எண்ணிவிடுவார் அப்பா.

அதைவிட இன்னொன்று உறுத்தியது. அவன் கண்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. ஆனால் ஒரு அலறலைக்கூட ஒப்புக்கொள்ளத் தெரியாத ஆம்பிளை எதற்கு ஆவான்? போகட்டும் கழுதை, என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீடு இருந்த டொலார்டில், மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாய் உறைந்தது. சேதுராமன் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தான். அதே கோட்டு; உள்ளே வந்தும் குளிருக்காக அதைக் கழற்றவில்லை. கமலினியைப் பார்த்ததும் முகம் வெளிறி, "வணக்கம்" என்றதோடு வாயை மூடிக்கொண்டான். பேயைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளுக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

அன்றைக்குக் கிருத்திகை. அப்பா பூஜையை முடித்து, தன் நெற்றியில் மூன்று பட்டை அடித்துக்கொண்டு, வந்தவனுக்கும் தாராளமாகப் பூசிவிட்டார். அம்மாவுக்கும் கமலினிக்கும் ஆளுக்கு ஒரு கீற்று.

"இந்தத் தடவை பழனி விபூதி கொஞ்சம் மஞ்சளா இருக்குல்ல?" என்றாள் அம்மா பத்மா. "கமலி ரூம்ல ஒரு டப்பா இருந்துச்சு. அதைத்தான் கிண்ணத்துல கொட்டினேன்."

கமலினியின் கையிலிருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. பழனி விபூதி வந்த காலி டப்பா… அதில்தானே மிச்சத் தூளைப் போட்டு வைத்திருந்தாள்! அவள் வாயைத் திறப்பதற்குள், எங்கேயோ பனி பாரம் தாங்காமல் கம்பி அறுந்ததோ என்னவோ, பட்டென்று மின்சாரம் போய்விட்டது. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும் ஊர். ஹால் கும்மிருட்டு.

அந்த இருட்டில், ஆளுயரத்தில், மூன்று பச்சைப் பட்டைகள் ஜொலித்தன. அதற்கு எதிரே இன்னும் மூன்று. பக்கத்தில் இரண்டு கீற்றுகள்.

"முருகா!" அப்பாவின் குரல் தழுதழுத்தது. "பத்மா… பாத்தியா? கண்கண்ட தெய்வம்டி! நம்ம வீட்டுக்கே வந்துட்டான்! போனை எடு, கோவிந்தராஜனைக் கூப்பிடணும், மான்ட்ரியல்ல இருக்கற அத்தனை பேரையும் கூப்பிடணும்!"

மூன்று பட்டைகள் டெலிபோனை நோக்கித் தட்டுத்தடுமாறி நகர்ந்தன.

கமலினி கணக்குப் போட்டாள். சொன்னால் திருச்சி. சொல்லாவிட்டால் நாளைக்கு ஊரே அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும். பெரிய புரொபசர், பேய்ப் பவுடரைப் பூசிக்கொண்டு தெய்வம் வந்ததாகச் சொன்னார் என்று… ஐயோ, அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எப்படி உடைப்பது?

"சார், ஒரு நிமிஷம்!" சேதுராமனின் குரல். "அது… விபூதி இல்ல சார். பேய் வீட்டுல பூசற பவுடர். விளையாட்டுக்கு நான்தான் கிண்ணத்துல கலந்தேன். மன்னிச்சிருங்க."

டெலிபோன் டக்கென்று வைக்கப்பட்டது.

"சாமி விஷயத்துல விளையாட்டா? வெளியே போங்க, மிஸ்டர்!"

சேதுராமனின் மூன்று பட்டைகளும் வாசல் பக்கம் திரும்பின. அப்போதுதான் கமலினி பார்த்தாள். அவன் கோட்டுக் கையில் ஐந்து பச்சை விரல்கள்! அன்றைக்கு அவள் பிடித்த பிடி. வாசலின் களிம்பில் குழைத்தது, அத்தனை மழைக்கும் அசையவில்லை.

"அப்பா!" என்று கத்தியேவிட்டாள். "அவர் பொய் சொல்றார்ப்பா! நான்தான் அந்தப் பேய். பவுடர் என்னோடது. டப்பாவும் என்னோடது. லேப்புக்குப் போறேன்னு உங்ககிட்ட புளுகினேன். திருச்சிக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா அவரை வெளியே போகச் சொல்லாதீங்க…"

இருட்டில் அப்பாவின் பட்டைகள் புருவத்தோடு ஏறி இறங்கின. ஏறி… இறங்கி…

களுக்கென்று சிரித்துவிட்டாள் அம்மா. "ஏங்க, நீங்க கோவப்படறப்ப மூணும் சேர்ந்து டான்ஸ் ஆடுது!"

"நீ சும்மா இரு பத்மா!" அப்பா உறுமினார். "ஏன் தம்பி, செய்யாத தப்பை எதுக்கு ஏத்துக்கிட்டீங்க?"

சேதுராமன் வாசலிலிருந்து திரும்பினான்.

"நான் செஞ்ச தப்பு வேற இருக்கு சார். அந்தப் பேயைப் பாத்து நான்தான் கத்தினேன். வெளியே வந்து, அதுதான் கத்திச்சுன்னு பீத்திக்கிட்டேன். அதுவும் இவங்ககிட்டயே! சொல்லி முடிச்சப்புறம்தான், இவங்க காது மடல்ல கழுவாம விட்ட பச்சை மினுக்கினதைப் பாத்தேன். மானம் போய் ஓடியே போயிட்டேன் சார்."

"நிஜமாவே கத்தினீங்களா?"

"அம்மாவைக் கூப்பிட்டேன் சார்."

அப்பாவின் பட்டைகள் நடுங்கின. அழுகிறாரோ என்று கமலினி பதறினாள். இல்லை… சிரிக்கிறார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"இன்ஜினியரையே அம்மான்னு அலற வெச்சாளா? அப்ப வேலை சுத்தமாத்தான் செஞ்சிருக்கா! பொய் சொன்னதுக்கு உனக்குத் தனியா இருக்கு கமலி, அதைப் பேந்து பாத்துக்கறேன்." பேந்து என்றால் பிறகு; யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் பழகி அப்பா வாயில் ஒட்டிய சொல் அது. கோபம் தீர்ந்தால்தான் வரும். கமலினிக்கு அப்பாடா என்றிருந்தது.

பொசுக்கென்று மின்சாரம் வந்தது.

"அட, அணை அந்த லைட்டை!" என்றார் அப்பா. "கண்ணாடியில ஒரு தடவை பாத்துக்கறேன். பத்மா, நீயும் வா." இருவரும் உள்ளே போனார்கள்.

மறுபடி இருட்டு. ஹாலில் மூன்று பட்டையும் ஒரு கீற்றும் மட்டும். வெளியே மழை சன்னலில் கலகலத்தது.

"கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கலாமே…" என்றாள் கமலினி மெதுவாக.

"போடத்தான் நினைச்சேன். ஆனா தினமும் விளக்கை அணைச்சதும் ஆணியில தொங்கற கோட்டுல அந்த அஞ்சு விரல்… யாரோ என்னை விழாம பிடிச்சுக்கிட்டே இருக்கற மாதிரி. இந்த ஊருல அப்படி வேற யாரும் இல்லீங்க எனக்கு. அழிக்க மனசு வரல." அவன் குரல் இறங்கியது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு கமலினி. முகம் பாக்கறதுக்கு முந்தியே."

அவள் கையை நீட்டி அந்த ஐந்து விரல்களின் மேல் தன் ஐந்து விரல்களையும் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. கோட்டுக்குள் அவன் கை நடுங்குவது தெரிந்தது.

"என்ன… பயமா இருக்கா?"

"ரொம்ப."

"அம்மாவைக் கூப்பிடுங்களேன்."

"கூப்பிடத்தான் போறேன்," என்றான் சேதுராமன். "ஈரோட்டுலேர்ந்து. பொண்ணு கேட்டு வரச் சொல்லி."