'ங்க' இல்லாத ஒரு பழம்

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மூன்று நாட்களாக ஒரே ஒரு சொல் எல்லோரையும் களைக்க வைத்துக்கொண்டிருந்தது. பழம்.

பட்டணத்திலிருந்து வந்திருந்த கல்லூரி ஆசிரியர் சரவணமுத்துதான் காரணம். பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் எங்கே தொடுகிறது என்று பதிவு செய்வது அவர் வேலை. தோட்டத்துச் சிறுமி பூவாத்தாளின் அப்பா செங்கோட்டையனின் வாய்க்குள் மெழுகை அடைத்து அச்செடுத்து, அதே அளவில் மெல்லிய கறுப்புத் தகடு செய்து கொண்டுவந்திருந்தார்.

தகட்டில் வெள்ளைப் பொடி தூவி, மேலண்ணத்தில் பொருத்த வேண்டும். அப்பா 'பழம்' என்று சொல்ல வேண்டும். நாக்கு தொட்ட இடத்தில் பொடி அழிந்து கறுப்பு தெரியும். 'ப'வும் 'ம்'மும் உதட்டு வேலை. 'ழ'வுக்கு மட்டுமே நாக்கு மேலே போகும்.

அப்பா சொன்னார்: "பழமுங்க."

போச்சு. அந்த 'ங்க' தகட்டின் பின்பக்கப் பொடியை வழித்துவிட்டது.

இது நானூற்றுப் பதினேழாவது தடவை. தகட்டைக் கழுவிப் பொடி தூவித் தூவிப் பத்து வயதுப் பூவாத்தாளுக்குப் புருவமே நரைத்துவிட்டது. சரவணமுத்து கொட்டாவி விட்டால் கிணற்றில் எதிரொலித்தது. கேழ்வரகு நாற்றோ தண்ணீர் காணாமல் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. இன்று இறைக்காவிட்டால் கருகிவிடும். ஆனால் வந்தவர் வேலை முடியாமல் எழுந்து போக அப்பாவுக்கு மனம் வரவில்லை.

"வெறும் பழம் போதும், ஐயா," என்றார் சரவணமுத்து, ஈனக் குரலில்.

"அதையேதானுங்க சொல்றேன்," என்றார் அப்பா.

பூவாத்தாளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆசிரியர் முகத்தைப் பார்த்து மொட்டையாகப் பேச அப்பாவுக்கு வராது. தன்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

"பழஞ்சாமி," என்றார் அப்பா, பாசமாக. பெற்ற மகளிடமும் 'சாமி' போடாமல் அவருக்குப் பேச வராது.

சரவணமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள் பூவாத்தாள். அம்மா, அத்தை, பக்கத்துத் தோட்டத்துக்காரர். எல்லோருக்கும் ஒரு 'ங்க' உண்டு.

"ஏனுங்கப்பா, மாட்டுகிட்ட சொல்லிப் பாருங்க," என்றாள். "அதுக்கு எதுக்கு மரியாதி?"

மயிலைக்காளையின் முன்னால் அப்பாவை நிறுத்தினாள். புதுப் பொடி தூவிய தகட்டை மாட்டிவிட்டாள். அப்பா காளையைப் பார்த்தார். காளையும் அவரைப் பார்த்தது.

"பழம்."

அப்படியே வாயைத் திறந்து நின்றார். சரவணமுத்து தகட்டை எடுத்தார். இரண்டு ஓரத்திலும் இரண்டு கறுப்புத் தீற்றல். மற்றதெல்லாம் சுண்ணாம்புச் சுவர் போல வெள்ளை வெளேர். அவர் அங்கேயே, சாணியைக்கூடப் பார்க்காமல், பொத்தென்று உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்துவிட்டார்.

அப்பா காளைகளைக் கமலை ஏற்றத்தில் பூட்டினார். சால் நிறைந்து வந்து கவிழ, தண்ணீர் வாய்க்காலில் ஓடி நாற்றங்காலைத் தொட்டது. அங்கே மடை திருப்பக் காத்திருந்த பூவாத்தாளின் காதில் அப்பாவின் குரல் விழுந்தது. மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவசரத்துல மரியாதி இல்லாம பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."