சிவப்புக்கு முளைத்த பச்சை வால்

"ஆ! சித்தி, வலிக்குது!"

"தளர்வா பின்னினா தெருமுனை போறதுக்குள்ள அவிழ்ந்துடும். ஆடாம நில்லு."

சித்தி விண்வெளி வீராங்கனை. ராக்கெட்டில் பறந்தவருக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. அக்கா மகளின் தலையையும் இழுத்துத்தான் பின்னுவார். ஓயாமல் கீச்சுக் கீச்சென்று பேசும் அவளை எல்லாரும் குருவி என்றே கூப்பிட்டார்கள்.

இருவரும் அம்மாவின் ஆய்வுக்கூடத்தில் காத்திருந்தார்கள். விண்வெளியிலிருந்து திரும்பிய சித்தியின் ரத்தத்தை அம்மாதான் சோதித்தார். முடிவு நன்றாக இருந்தால் சித்தி மறுபடியும் பறக்கலாம். அதைப் பற்றிப் பேச அம்மா டாக்டரிடம் போயிருந்தார்.

ஒரு பின்னல் முடிந்தது. சித்தியின் கண் நுண்ணோக்கியின் பக்கம் போனது.

"எட்டிப் பார்த்தா குடியா முழுகிடும்?" என்று அதோடு இணைந்த கணினித் திரையை இயக்கினார்.

சீப்பு கீழே விழுந்தது.

செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களுக்கு அம்மா சாயம் ஏற்றுவார். ஒரு ஜோடி முழுக்கச் சிவப்பு, இன்னொரு ஜோடி முழுக்கப் பச்சை. திரையிலோ சிவப்புக்குப் பச்சை வால் முளைத்திருந்தது. பச்சையின் துண்டு ஒன்று அனாதையாகக் கிடந்தது. எந்தச் செல்லைப் பார்த்தாலும் அதே அலங்கோலம்.

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சித்தி அது?"

"விண்வெளிக் கதிர் ஊசி மாதிரி உடம்புக்குள்ள பாயும், கண்ணு. குரோமோசோம் அறுந்துடும். செல் அதை ஒட்டப் பார்த்து, அவசரத்துல மாத்தி ஒட்டிடும். ஆனா... இவ்வளவா?"

சீப்பை எடுக்கக் குனிந்து நிமிர்ந்த குருவி, நுண்ணோக்கியில் இருந்த கண்ணாடித் தகட்டை உற்றுப் பார்த்தாள்.

"சித்தி, இதுல நீல ஸ்டிக்கர் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"நீலம்னா நீங்க போறதுக்கு முந்தி எடுத்த ரத்தம்! ஊசிக்குப் பயந்து என் கையை நசுக்கினீங்களே, அன்னிக்கு ஸ்டிக்கருக்கு நான்தான் நிறம் சொன்னேன். வந்தப்புறம் எடுத்தது மஞ்சள். போகாமலே எப்படி உடையும்?"

சித்தி விழித்தார். கதவைத் திறந்த அம்மாவும் விழித்தார்.

"அடி அவசரக்குடுக்கை! அது நான் வேணும்னே கதிர் பாய்ச்சின ரத்தம்டி. எவ்வளவு கதிருக்கு எவ்வளவு உடையும்னு தெரிஞ்சாத்தானே ஒப்பிட முடியும்? ராக்கெட்ல போகத் தெரியுது, கேட்டுட்டுத் தொடத் தெரியலை!"

அம்மா மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய தகட்டை வைத்தார். பெரும்பாலும் முழுச் சிவப்பு, முழுப் பச்சை. தேடித் தேடிப் பார்த்தால்தான் எங்கோ ஒரு வால். சித்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்போ நான் போகலாமாக்கா?"

அம்மாவின் குரலில் இருந்த கேலி மறைந்தது.

"இப்போ உனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா முந்தின பயணங்களையும் சேர்த்தா, ஒரு ஆள் உடம்பு வாங்கலாம்ங்கிற கதிர் அளவு நிரம்பிடுச்சு. டாக்டர் இனிமே வேண்டாம்னுட்டார்."

சித்தி ஜன்னலுக்கு வெளியே வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவி சீப்பைச் சட்டையில் துடைத்துச் சித்தியின் கையில் வைத்தாள். திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள். பாதித் தலை இன்னும் அவிழ்ந்தே கிடந்தது.

பிறகு சீப்பு தலையைத் தொட்டது.

"ஆ! சித்தி, வலிக்குது!"

"ஆடாம நில்லு."