கண்ணாடியை ஏத்துங்க

மழை பிடித்துக்கொண்ட மதியத்தில் அந்தக் கார் உள்ளே வந்தது.

அவள் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மழை நாளில் வாட்டர் வாஷுக்கு யாரும் வருவதில்லை. ரசீது போடும் சின்ன அறையில் அப்பா செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். ரப்பர் குழாய் சுருட்டி மாட்டியிருந்தது. தகரக் கூரையில் மழைச் சத்தம்... வேறு சத்தம் இல்லை.

பழைய கார். கருநீலம். ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடி இறங்கியது.

"வாட்டர் வாஷ் பண்ணணும்."

அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மேல ஒருத்தர் ஓசியிலயே பண்ணிட்டு இருக்காரே சார்."

"பார்த்தேன். ஓரமெல்லாம் விட்டுடுறாரு."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். டம்ளரைக் கீழே வைக்கிற சாக்கில் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

"இங்கேருந்து வெளிய போனதும் மறுபடி சேறு அடிக்கும். அப்புறம் எங்களைத் திட்டுவீங்க."

"திட்ட மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"திட்டுறதா இருந்தா வீட்டுக்குப் போயி, கதவைச் சாத்திக்கிட்டுத் திட்டுறேன்... கழுவுவீங்களா, மாட்டீங்களா?"

"கழுவத்தானே கடை போட்டிருக்கோம். கண்ணாடியை ஏத்துங்க. தண்ணி உள்ள வரும்."

எல்லா வண்டிக்காரரிடமும் சொல்கிற வார்த்தைதான். அவன் ஏற்றினான். மெதுவாக. ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் தாடை மங்கியது, உதடு மங்கியது... கடைசியில் கண்கள் மட்டும் விளிம்புக்கு மேல் நின்றன. தூக்கம் போதாத கண்கள். எதையோ கேட்க வந்து மறந்துவிட்டவை போல இருந்தன.

நுரை அடித்தாள். கார் வெள்ளையாகி அவன் மறைந்தான். ஸ்பாஞ்சால் முன் கண்ணாடியைத் தேய்த்தபோது நுரையில் ஒரு வழி திறந்தது. அதில் அந்தக் கண்கள் இருந்தன. வேறு பக்கம் போய்த் தேய்த்தாள். அங்கும் வந்தன.

என்ன இது... கண்ணாடியைத் தேய்க்கிறேனா, இவரைத் தேய்க்கிறேனா?

துடைத்து முடித்ததும் கேட்டாள்.

"இந்த மழையில யாருக்காக சார் இவ்வளவு பாடு?"

"அம்மாவுக்கு. அழுக்கு வண்டியில ஏற மாட்டாங்க."

"மழையில எல்லா வண்டியும் அழுக்குதான்."

"எங்க வீட்டு வண்டி மட்டும் அப்படி இருக்கக் கூடாது."

அதைப் பெருமையாகச் சொன்னானா, சலிப்பாகச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கார் வெளியே போய் முதல் பள்ளத்திலேயே சேற்றை வாரி அடித்துக்கொண்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா செய்தித்தாளுக்கு அடியிலிருந்து, "என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா... ஒரு கிறுக்கு."

அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து குழாயை அவள்தான் பிடிக்கிறாள். முதலில் அப்பா எழுந்திருக்கும்வரை என்று ஆரம்பித்தது. அவர் எழுந்தார், குனிய முடியவில்லை. அவள் இருந்துவிட்டாள்.

வண்டி கழுவ வருகிறவர்களை அவள் ரகம் பிரித்து வைத்திருந்தாள். விற்பதற்கு முன்பு மட்டும் கழுவுகிறவர்கள். பெண் பார்க்கப் போகுமுன் கழுவுகிறவர்கள். கழுவி முடித்ததும் விரலால் தடவிப் பார்க்கிறவர்கள். வெளியே பளபளவென்று வைத்துக்கொண்டு உள்ளே பிஸ்கட் தூளும் நாறும் சாக்ஸும் வளர்க்கிறவர்கள். பக்கத்துத் தெரு வக்கீல் தனி ரகம். தூசிதான் பெயின்டுக்குப் பாதுகாப்பு என்று வாதாடுவார். அவர் மனைவி பின் கண்ணாடித் தூசியில் விரலால் 'வெட்கமாக இல்லையா' என்று எழுதி அனுப்பிய பிறகுதான் வண்டி வந்தது. எழுத்தை மட்டும் துடைத்தால் போதுமா என்று கேட்டார்.

ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. கழுவுகிறவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. 'இங்க விட்டுட்ட பாரும்மா', 'சீக்கிரம் ஆகட்டும்மா'. அவ்வளவுதான். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. வண்டியைக் காட்டத்தானே வந்தார்கள்.

அவன் மறுபடி வந்தான். வெயில் நாள். காரின் பளபளப்பில் அவள் முகம் தெரிந்தது.

"வண்டி சுத்தமாத்தானே இருக்கு?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம்... அதான் தெரியும்னு சொன்னேனே."

அவள் குழாயைத் திருகினாள். தண்ணீர் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது.

அவன் பல் டாக்டர். இது தெரிந்ததும் அப்பா அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார். கார் தெருமுனையில் திரும்பும்போதே அறையிலிருந்து குரல் வரும்: "பல்லு வருது பாரு."

"அப்பா... காதுல விழப் போகுது."

"விழட்டும். பல்லுக்குக் காது இருந்தா விழட்டும்."

அவனுக்கு விழுந்தது. சிரித்தான்.

"எங்ககிட்டயும் உங்க கதைதான்," என்றான் ஒரு நாள். "டாக்டர்கிட்ட வர்ற அன்னிக்கு மட்டும் ஈறு கிழியத் தேய்ச்சுட்டு வருவாங்க. தினமும் இப்படித்தானான்னு கேட்டா, ஆமான்னு தலையாட்டுவாங்க."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானும் தலையாட்டுவேன். சண்டை போட எனக்கு வராது."

அப்போது அது அவளுக்கு நல்ல குணமாகத் தெரிந்தது.

சோப்புத் தண்ணீர் அவள் விரல் நுனிகளை வெடிக்க வைத்திருந்தது. அவன் பார்ப்பதைப் பார்த்துக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"காட்டு."

'நீங்க' போய்விட்டிருந்தது. இருவருக்கும் அது கேட்டது. இருவரும் திருத்தவில்லை. அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பல்லைப் பார்ப்பது போலவே பார்த்தான்... நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. அவளை இதுவரை யாரும் இத்தனை கவனமாகப் பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு களிம்பு ட்யூப் கொண்டுவந்தான்.

"பல் டாக்டர் கைக்கெல்லாம் மருந்து குடுக்கலாமா?"

"குடுக்கக் கூடாதுதான். யார்கிட்டயும் சொல்லாதே."

யாரிடமும் அவள் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அங்கேதான் சிக்கல்.

கார் அவன் அப்பாவுடையது. உயிரோடு இருந்தவரை தினமும் விடிந்ததும் அவரே கழுவினார். அவர் போன பிறகு அம்மா அதைப் பார்த்துக்கொண்டாள். கழுவுவதை அல்ல, கழுவியிருக்கிறதா என்பதை. கதவுக் கைப்பிடிக்கு அடியில் விரலைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள்.

"அம்மா யார் வீட்டுக்குப் போனாலும் வெளிய நிக்கிற வண்டியைத்தான் முதல்ல பார்ப்பாங்க. அது அழுக்கா இருந்தா, உள்ள போயி ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க."

"எங்க வீட்டுல வண்டியே இல்லையே."

"அப்போ பிரச்சினையே இல்ல."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் முடிந்தது.

"எனக்கு உன்னை..." என்றான் அவன். "உனக்கே தெரியும். நீயும் ஒரு தடவை சொல்லேன்."

"எனக்கு வண்டி கழுவத்தான் தெரியும்."

"விளையாடாதே. சொல்லு."

"முதல்ல உங்கம்மாகிட்டச் சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா நானும் சொல்றேன்."

அது பிடிவாதம்தான். ஆனால் அவளிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தை. மறைவில் கொடுத்துவிட்டால் மறைவிலேயே இருந்துவிடும் என்று பயந்தாள்.

அவன் யோசித்தான். "ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டே வரேன். இங்க இறங்கச் சொல்லி, இவதான்னு சொல்லிடுறேன். போதுமா?"

"போதும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் ரப்பர் பூட்ஸைப் போடவில்லை. கத்தரிப்பூ நிற உடை, காதில் சின்னத் தொங்கல். அப்பா மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, இன்னிக்கு வண்டி உன்னைக் கழுவப் போகுதா?"

"போங்கப்பா."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவந்தார். கார்க் கண்ணாடிக்கென்று வைத்திருக்கும் மெல்லிய துணியால் அதை இரண்டு முறை துடைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் தேங்காத இடம் பார்த்துப் போட்டார்.

கார் வந்தது. முன் இருக்கையில், அவன் பக்கத்தில், அம்மா. சின்ன உருவம். மடிப்புக் கலையாத உடை. பாதி இறங்கிய கண்ணாடி வழியாக ஈரத் தரையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"ஏன்டா, இந்தப் பொண்ணு எங்கயோ கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நிக்குதே. குழாயை யாரு பிடிப்பா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. வேடிக்கையாக எதையாவது பார்த்தால் யாரும் சிரிக்கும் சிரிப்பு.

அவன் வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். இறங்குங்க... கதவைத் திறங்க... மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா அறைக் கதவில் சாய்ந்து நின்றார்.

"வழக்கம் போலக் கழுவிடும்மா," என்றான் அவன்.

அவள் சொல்வதற்கு முன்பே இரண்டு கண்ணாடிகளும் ஏறின.

அவள் குழாயை எடுத்தாள். கூரை, பானெட், கதவுகள். குனிந்து சக்கரங்கள். உடை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியது. நுரை அடித்தாள். முன் கண்ணாடியில் ஸ்பாஞ்சை வைத்து இழுத்தாள். வழி திறந்தது. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே இடத்தை மறுபடி தேய்த்தாள். போன். இன்னும் ஒரு முறை...

பிறகு அந்த இடத்தின் மேல் நுரையை அடித்து மூடினாள்.

எதையும் விடவில்லை. ஓரங்களைக்கூட. முடிந்ததும் அம்மா கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, கைப்பிடிக்கு அடியில் விரலைவிட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கழுவுது. ஈரத்தோட நிக்காதம்மா... சளி பிடிச்சுக்கும்."

கார் போனது. அப்பா நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"பல்லு ஏன் இறங்கல?"

"வேலை இருக்காம்பா."

"ஓ," என்றார். அதன் பிறகு அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

அவன் போன் செய்துகொண்டே இருந்தான். அவள் எடுக்கவில்லை. ஒரு மத்தியானம் நடந்தே வந்தான். வக்கீல் வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் கதவுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

அவள் துணியைப் பிழிந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். கத்தினாங்க. ரெண்டு நாள் பேசல. அப்புறம்... சரின்னுட்டாங்க. இந்தக் கடைக்கு மட்டும் நீ வரக் கூடாதாம். அது பெரிய விஷயமில்லையே?"

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"பயம்."

"உங்கம்மாவைப் பார்த்தா?"

"ஆமா."

"இல்ல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தான் நின்னேன். பயந்த முகம் எனக்குத் தெரியும். அது பயந்த முகம் இல்ல. நிஜத்தைச் சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்தான். சோப்புத் தண்ணீர் அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

"நீ அந்த டிரஸ்ல நின்னே. எனக்காகத்தான் போட்டிருக்கேன்னு தெரிஞ்சுது. அம்மா சிரிச்சாங்க. எனக்கு..."

"சொல்லுங்க."

"வெக்கமாயிடுச்சு."

"உங்களை நினைச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்... அவள் மனம் கெஞ்சியது. பொய்யாகவாவது சொல்லுங்கள். நம்பிவிடுகிறேன். கடையை விட்டுவிட்டு, அப்பாவை விட்டுவிட்டு, இந்தத் துணியை இங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள் நிறைந்திருந்தன.

"உன்னை நினைச்சு," என்றான். "ஒரு நிமிஷம்தான். அப்புறம் என்னை நினைச்சுத்தான் வெக்கப்பட்டேன். இன்னிவரைக்கும் பட்டுக்கிட்டிருக்கேன். ஆனா முதல்ல... உன்னை நினைச்சுத்தான். உன்கிட்ட பொய் சொல்ல வரல."

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"நீங்க சொல்லிட்டா நானும் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்ல."

"ம்..."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முதல் நாள்லேருந்தே. ரொம்ப. இப்பவும், இந்த நிமிஷமும். இன்னொருத்தரை இப்படிப் பிடிக்குமான்னு தெரியல."

அவன் முகம் மலர்ந்தது. ஓரடி முன்னால் வைத்தான்.

"அங்கேயே நில்லுங்க," என்றாள். "சொல்றேன்னுதான் சொன்னேன். வரேன்னு சொல்லல."