கல்குடாவில் ஏறியவர்கள்

சைக்கிள்கள் இரண்டையும் இறக்கிய பிறகும் வான் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தே நின்றது. சுதர்சனா குனிந்து பார்த்தாள். ரயர்களில் காற்று இருந்தது. சில்லுகள் மணலில் புதையவுமில்லை. ஆனாலும் உள்ளே நாலைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைப்போல வான் அமுங்கியிருந்தது.

கணவன் சுபாகரனிடம் சொன்னாள். கட்டிலுக்கு அடித்த இரும்பின் பாரமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் காஸ் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டான். அவன் வெல்டிங் வேலை செய்பவன். பழைய டொல்பின் வானின் சீட்டுகளைக் கழற்றி, ஒருபக்கம் கட்டிலும் பின்னால் சைக்கிள் மாட்டும் கம்பிகளும் அடித்தவன் அவன்தான். மார்கழி லீவில் பெரியகல்லாற்றிலிருந்து வாகரை வரைக்கும் வானில் போவது, வாவிக்கரையும் வயல் வட்டை வரம்பும் கடற்கரைப் பாதையும் எங்கெங்கே அழகாக இருக்கிறதோ அங்கெல்லாம் இறங்கிச் சைக்கிள் ஓடுவது, பொழுதுபட்டால் வானுக்குள்ளேயே படுப்பது என்று இருவரும் திட்டம் போட்டிருந்தார்கள். இன்று அதற்கு ஒத்திகை.

யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று எல்லோரும் கேட்டார்கள். அம்மா கண்ணகை மட்டும் வேறொன்று கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் போ, கல்குடாவில் மட்டும் நிற்காதே என்று அழுதாள். ஐந்து வருடங்களுக்கு முன் சிநேகிதி வீட்டுக்கென்று கல்குடாவுக்குப் போன தங்கச்சி றஜிதாவைச் சுனாமியன்று கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவேயில்லை.

அம்மா அழுத அன்றைக்கே, அவளின் கண் முன்னாலேயே சுதர்சனா தெருப் படத்தை விரித்து, கல்குடாவைத்தான் முதலில் வட்டமிட்டாள்.

"சென்றிக்குப் பயந்தம். ஷெல்லுக்குப் பயந்தம். கடலுக்கும் பயந்தம். இனி ஒண்டையும் கேட்டுப் போறல்லம்மா."

காஸ் குழாய் கசிந்தது. வாழைச்சேனைக்குப் போய் வேறு வாங்கி வருவதாகச் சொன்ன சுபாகரன் அவளையும் கூப்பிட்டான். "நீங்க போயிட்டு வாங்க. நான் வானோட இரிக்கன்" என்றாள். தங்கச்சி போன இந்தக் கல்குடாவில் தனியாக இருந்து பார்க்கவேண்டும் என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. அவனுடைய சைக்கிள் தென்னைகளுக்கு அப்பால் மறைந்தது.

பின்நேர வெயில் மங்கியிருந்தது. சுற்றிலும் அலை அறுத்துப்போன வீடுகளின் அத்திவாரங்கள் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தன. ஒரு கிணற்றுக் கட்டுக்குள் தாழை முளைத்திருந்தது. சுதர்சனா வானுக்குள் ஏறி, கட்டிலில் படத்தை விரித்து, மறுநாள் காலையில் ஓடலாமென்று பார்த்துவைத்த பாதையைப் பென்சிலால் கீறத் தொடங்கினாள். கடல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், யாரோ மூக்கடைத்துக்கொண்டு மெல்ல மூச்சுவிடுவதைப்போல ஒன்று, வருவதும் நிற்பதுமாக இருந்ததை அவள் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தாள். அவள் நிமிர்ந்ததும் அது நின்றது. பிறகு மணம் வந்தது. கடலின் மணமல்ல. ஈரத்துணியைப் பெட்டிக்குள் போட்டு மாதக்கணக்காகப் பூட்டிவைத்துத் திறந்தால் வருமே, அந்த மணம்.

வாசல் படி கிறீச்சிட்டது. வான் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது.

யாரும் இல்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே மணல்தான் தெரிந்தது.

கட்டிலின் மறுமுனையில் மெத்தை குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழியில் ஈரம் ஊறி விரிப்பில் பரவியது. சுதர்சனா ஊருக்குள் பிள்ளைப்பேறு பார்க்கும் குடும்பநல மாது. இரத்தமும் நீரும் தொட்டுப் பழகிய கை. அதே கையால் விரிப்பைத் தொட்டாள். குளிர் எலும்புவரை ஏறியது. விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

படி மறுபடியும் கிறீச்சிட்டது. வான் தாழ்ந்தது. பிறகும் தாழ்ந்தது. தரிப்பிடத்தில் நிற்கும் பஸ்ஸில் ஏறுவதைப்போல, ஒருவர் பின் ஒருவராக, இடித்துக்கொள்ளாமல், அவசரப்படாமல் ஏறினார்கள். கட்டில் கம்பிகள் முனகின. தரையில் தண்ணீர் சொட்டியது. ஒரு குழந்தை இருமியது. கண்ணாடிகள் உள்பக்கமாகப் பனிப்புகார் படிந்து வெளுத்தன.

ஓடலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அந்த வாசல் வழியாகத்தான் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதைவிட, அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனை வருடமாக எத்தனை இடங்களை விட்டுவிட்டு ஓடியாகிவிட்டது. இந்த வானை விட்டு ஓடமாட்டாள். முன்சீட்டுக்கு ஊர்ந்து போனாள். எஞ்சின் திறப்பைப் பிடித்தாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"இறங்குங்க. இது எங்கட வான்."

மூச்சுச் சத்தங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன.

யாரும் இறங்கவில்லை. அவளுக்கு நேர் பின்னால், தொண்டைக்குள் தண்ணீர் நிறைந்த ஒரு குரல் சொன்னது.

"அக்கா, கதவச் சாத்துங்க. தண்ணி வருது."

றஜிதா.

கதவு தானாகவே இழுபட்டுச் சாத்திக்கொண்டது. சுதர்சனா திறப்பைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. வான் நகரவில்லை. மறுபடி மிதித்தாள். பெரும் பாரத்தை இழுத்துக்கொண்டு மணலிலிருந்து தெருவுக்கு ஏறியது.

எதிரே சுபாகரன் வந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டு கையைத் தூக்கினான். தூக்கிய கை மெல்ல இறங்கியது. அவன் அவளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே போனான். சைக்கிள் அவன் கையிலிருந்து சாய்ந்து விழுந்தது.

அவள் வானை நிறுத்தினாள். அவன் கிட்ட வரவில்லை.

"சுதா, இறங்கு" என்றான். உதடுதான் அசைந்தது. "இறங்கி வா."

அவள் தலையை அசைத்தாள். தங்கச்சியைத் தேட அன்றைக்கு சென்றியில் மறித்து நின்ற ஆமி அவளை விடவில்லை. சடலம் பார்க்க விடவில்லை. தெருவைத் திறக்க ஐந்து வருடம் எடுத்தார்கள்.

"இல்ல" என்றாள். "இவள இஞ்ச விட்டுட்டுப் போகமாட்டன்."

அவள் கியரை மாற்றினாள். பின்னாலிருந்து கைகள் வந்தன. ஊறி வெளுத்து, தோல் சுருங்கிய விரல்கள். சீட்டின் விளிம்பைப் பிடித்தன. தோளைப் பிடித்தன. கூந்தலைப் பிடித்தன. பஸ் புறப்படும்போது ஆட்கள் பிடித்துக்கொள்வதைப்போல.

அவள் முன்னால் பார்த்தாள்.

மழையில்லாத தெருவின் இரண்டு கரையிலும், கண் எட்டும் தூரம்வரை, ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் நின்றவர்களின் உடுப்பிலிருந்து கடல் சொட்டியது. அவர்களுக்குப் பின்னால் காய்ந்துபோனவர்கள், மண் அப்பியவர்கள், ஷெல்லில் கருகியவர்கள், தலைக்குமேல் இன்னும் பொட்டலம் சுமந்தவர்கள். எல்லோரும் வானை நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.